கட்டத்துக்குள் இரண்டு முகம்

இது ஜோகூர் மாநிலத்து மாசாயில் நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மகேஸ்வரன் இன்றும் உயிரோடுதான் இருக்கிறான். இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டான், எழுந்து போய் வாந்தி எடுப்பான்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் அவன். விடுமுறை நாட்களில் கல்யாணப் படம் எடுப்பான். எல்லோரும் வைத்திருக்கும் கேமரா வேண்டாம், ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டும் என்று ஒரு வீம்பு. டிஜிட்டல்தான், ஆனால் தானாக ஃபோக்கஸ் பண்ணாது. பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாக ஒட்டும். ஒட்டிய இடத்தில் ஆள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வளையமே காட்டிவிடும்.

தூரத்து லென்ஸைப் போட்டால்தான் அவனுக்குச் சறுக்கும். போன மாதம் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் புகைமூட்டம், பின்னால் நின்ற வாழைமரம் பளிச். படத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா, "வாழமரத்துக்கா கல்யாணம் பண்ணோம்?" என்று கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு ஸ்கூடாயில் இன்னொரு கல்யாணம். அதுவும் கெட்டால் இனி ஜோகூரில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

அதனால் தினமும் சாயங்காலம் பழகினான். சமையலறை ஜன்னல் ஓரம் நாற்காலி. கை நடுங்காமல் இருக்கத் தோளைப் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் அழுத்திக்கொள்வான். எதிர் அடுக்குமாடி பிளாக் நடைபாதையின் இரும்புக் கம்பிகளைப் பார்த்து வளையத்தைத் திருப்புவான். கம்பி ஒட்டும்போது வளையம் முப்பது மீட்டரில் நிற்கும்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, பக்கத்து வீட்டுச் சந்திரமதி அக்கா வாசலில் வந்து நின்றாள். தனியாக இருப்பவள். மகன் கவினுக்குச் சிங்கப்பூரில் வேலை.

"தம்பி, என்னை ஒரு படம் எடுத்துக் கொடேன். ஐ.சி. அட்டைல இருக்கற படத்தத் தவிர எனக்குன்னு ஒன்னுமே இல்ல."

அவனுக்கு எரிச்சல். "இந்த லென்ஸுக்குப் பக்கத்துல நின்னா சரிப்படாதுக்கா. எதிர் பிளாக்ல போய் நில்லுங்க, இங்கேருந்தே எடுத்துடறேன்."

"அவ்ளோ தூரமா? சரி லா, நல்ல சேலையாக் கட்டிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொன்னதை அவன் அப்போதே மறந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நாற்றம் தொடங்கியது. சீ, என்ன நாற்றம்! செத்த எலி என்றார்கள் மேல்மாடிக்காரர்கள். குப்பைக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் கீழே. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். அக்கா வீட்டில் மீன் கெட்டுக் கிடக்கிறது என்று மகேஸ்வரன் முடிவு கட்டினான். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தான். வாசனை ஸ்பிரே அடித்தான். மல்லிகை வாசனையும் அழுகல் நாற்றமும் கலந்து வீடெல்லாம் நிறைந்தது.

பொறுக்க முடியாமல் அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டு முறை ஓங்கித் தட்டினான்.

"அக்கா! குப்பையத் தூக்கிப் போடுங்க, கொல்லுது!"

டொக்... டொக்...

அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு முறை தட்டும் சத்தம். "கொழுப்பு," என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான்.

புதன்கிழமை, மாலை ஆறரை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. தோளைச் சுவரில் அழுத்தி, கேமராவைக் கண்ணில் வைத்தான். எதிர் பிளாக்கில் சந்திரமதி அக்கா நின்றிருந்தாள். மயில்கழுத்து நிறச் சேலை, தலையில் பூ, கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக.

அலமாக், நிஜமாகவே போய் நிற்கிறாளே என்று சிரிப்பு வந்தது. வளையத்தைத் திருப்பினான். கம்பி ஒட்டியது. அக்கா ஒட்டவில்லை.

கம்பியைப் பிடித்திருக்கிறாள்... கம்பி ஒன்றாக இருக்கிறது... அவள் மட்டும் இரண்டாக இருக்கிறாள்.

இன்னும் திருப்பினான். பதினைந்து மீட்டரில் ஒட்டினாள். அந்தத் தூரத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. கீழே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடம்.

கிளிக். திரையைப் பார்த்தான். மங்கலான நடைபாதை. ஆள் இல்லை.

மறுபடி கண்ணை வைத்தான். அங்கேயே நின்றாள். அதே அளவில்தான் தெரிந்தாள். மறுபடி இரண்டாகப் பிரிந்திருந்தாள். இந்த முறை ஏழில் ஒட்டினாள்.

அத்தனை தூரத்திலும் அவள் உதட்டில் ஓர் ஈ தெளிவாகத் தெரிந்தது. அவள் ஓட்டவில்லை. ஈ வாய்க்குள் போனது. வெளியே வரும்போது அதன் கால்களில் ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது.

ஸ்பிரேயை மீறி நாற்றம் நாக்கில் ஏறியது.

மறுபடி பிரிந்தாள். மூன்றில் ஒட்டினாள்.

மறுபடி பிரிந்தாள். இரண்டு...

ஒன்று... 

டக். வளையம் நின்றுவிட்டது. ஒரு மீட்டருக்குக் கீழே அந்த லென்ஸ் போகாது.

அவள் இன்னும் ஒட்டவில்லை.

இரண்டு முகம்...

ஒரு முகம் நேராகப் பார்த்தது.

மற்றது மட்டும்... மெல்லத் திரும்பியது.

அவன் கேமராவோடு படியிறங்கி ஓடினான். இரவு முழுக்கத் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

வியாழன் காலை ஸ்கூடாயில் மோகனதாஸ் கடைக்குப் போனான். கேமரா பழுது பார்ப்பவர். எதையும் சொல்லாமல் நீட்டினான். "தூரம் தப்பாக் காட்டுதுண்ணே. கிட்டக் கிட்டக் காட்டுது."

அவர் டேப் பிடித்து அளந்து, பல முறை சோதித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு கோளாறும் இல்ல தம்பி. இது காட்டுற தூரம் சரியான தூரம்தான்."

வீடு திரும்பியபோது நடைபாதை முழுக்கக் கூட்டம். அம்மா போனை எடுக்கவில்லை என்று கவின் வந்திருந்தான். போலீஸ் கதவை உடைத்திருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள் என்றார்கள். இருதயமாம். மூக்கைப் பொத்தி நடந்த அத்தனை பேரும் இப்போது எட்டி எட்டிப் பார்த்தார்கள். தூ! ஒருவருக்காவது அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கத் தோன்றியதா?

சவப்பெட்டி அருகே வைக்க ஐ.சி. படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். ஸ்கூடாய் கல்யாணத்துக்கு மகேஸ்வரன் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

கவின் அழுதுகொண்டே சொன்னதை அவனும் நின்று கேட்டான். அம்மா மயில்கழுத்துச் சேலை கட்டி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தாளாம். நாற்காலி சமையலறை ஜன்னல் ஓரம் கிடந்ததாம். தலை பக்கச் சுவரில் சாய்ந்திருந்ததாம்.

மகேஸ்வரன் நான்கு நாளாகத் தோளை அழுத்திய சுவர் அது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான்.