பெருந்தேவி நாய் பழக்கிய கதை

ஹயக்ரீவனுக்கு யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது. அது அவன் பிறவிக் குணம். ஆனால் அதன் பலனையெல்லாம் அனுபவித்தவள் அவன் பெண்டாட்டி பெருந்தேவி. நான் பக்கத்து அகத்துக்காரன். நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்றால், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஹயக்ரீவன் செங்கல்பட்டில் ஒரு துரையிடம் குமாஸ்தா. விடியற்காலை ரயிலில் போனால் இருட்டித்தான் வருவான். ஒரு தடவை துரையின் முகாமில் கையில் காகிதக் கட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த துரை ஒரு பிஸ்கோத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். இவன் வாங்கிக்கொண்டான். தின்றானா, வேஷ்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டானா என்பது அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம். தின்றான் என்று எங்கள் தெரு முடிவு செய்துவிட்டது. அதில் முட்டை போடுவார்கள் என்று வேறு யாரோ சொல்லிவைத்தார்கள். அதற்குப் பிறகு சின்னக் காஞ்சிபுரத்தில் அவன் அகத்தில் கை நனைக்க ஆள் கிடையாது.

பெருந்தேவி திருப்புட்குழிப் பெண். அவள் கை ரசம், எங்கள் பாஷையில் சாத்தமுது, கொதிக்கிற வாசனை சுவரைத் தாண்டி வந்தால், எங்கள் அகத்தில் நாங்கள் சாப்பிடுவது மண் மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவளை ஊர்க் கல்யாணங்களில் சந்தனம் கொடுத்து உட்கார வைப்பார்கள். சமைக்கிற தளிகை அறைப் பக்கம் மட்டும் விடமாட்டார்கள். ஒரு பிஸ்கோத்துக்காக வருஷக் கணக்கில் அந்த அவமானத்தை முழுங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் தின்ற பண்டத்துக்குப் பெண்டாட்டியை ஒதுக்கி வைத்த எங்கள் தெருவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அப்போது நானும் வாயைத் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் ஒரு பங்குனியில் விடிவு பிறந்தது. வைகாசிக் கருடசேவை அன்று, எங்கள் பெருமாள் வரதர் வீதி சுற்றித் திரும்பிய பிறகு, பிரபந்தம் ஓதுகிற கோஷ்டிப் பெரியவர்கள் ஒரு அகத்தில் கூடி அமுது செய்வது வழக்கம். கோஷ்டிக்குத் தலைவர் கோதண்டபாணி ஸ்வாமி. அவர் என்ன நினைத்தாரோ, "இந்த வருஷம் ஹயக்ரீவன் அகத்துலேயே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் இலை போட்டு உட்கார்ந்து எழுந்தால் போதும், பிஸ்கோத்துக் கதை அன்றோடு முடிந்தது. பெருந்தேவி எங்கள் அகத்துக்கு வந்து என் மனைவி பூமாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் ஹயக்ரீவன் ரயிலை விட்டு இறங்கி ஒரு பிரம்புக் கூடையோடு வந்து சேர்ந்தான்.

"என்னன்னா இது?"

"நாய்க்குட்டி."

"யாராத்து நாய்க்குட்டி?"

"நம்மாத்துதான். துரைசானி சீமைக்குப் போறா. வளர்த்த குட்டிகளை ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்துட்டா. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது!"

அவன் கூடையைக் கீழே வைத்தான். கூடைக்குள்ளிருந்து அது தலையை நீட்டியது. கறுத்த முகம், நெற்றி நிறைய மடிப்பு, முழி பிதுங்கிய இரண்டு கண். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல் நசுங்கிக் கிடந்தது. வால் முறுக்குப் பிழிந்தாற்போல் சுருண்டிருந்தது. மூச்சு விடும்போது என் மாமனார் குறட்டை விடுகிற சத்தம் வந்தது. இதற்குப் 'பக்' என்று ஜாதிப் பேராம். எங்களுக்கும் பார்த்தவுடன் பக்கென்றுதான் இருந்தது.

கீரை விற்க வருகிற முசரவாக்கத்துக் கங்கையம்மாள் கொல்லைப்புறமாக எட்டிப் பார்த்து, கீரைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அய்ய, இன்னாம்மா இது, மூஞ்சி நசுங்கிக்கினு இருக்குது! வண்டி கிண்டி ஏறிடுச்சா?"

பேர் வைக்கிற படலம் வேறு நடந்தது. ஜார்ஜ் என்று வைக்கலாமா என்று ஹயக்ரீவன் யோசித்தான். சக்கரவர்த்தி பேரை நாய்க்கு வைத்தால் வேலை போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். டைகர் என்று வைத்தான். அது டைகர் என்ற சொல்லுக்குக் கடைசிவரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துரைசானி சொல்லியனுப்பிய பாடத்தை அவன் பெருந்தேவிக்கு ஒப்பித்தது எனக்கே மனப்பாடம். "ரொம்பச் சுலபம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், கையில தூக்கிண்டு போய்க் கொல்லையில ஒரே இடத்துல விடணும். காரியம் ஆனதும் தட்டிக் கொடுக்கணும். உடனே இதுல ஒண்ணு கொடுக்கணும். சீக்கிரம் பழகிடுமாம்."

'இது' என்று அவன் எடுத்து வைத்தது ஒரு டின் பிஸ்கோத்து.

பெருந்தேவி அதைக் கையால் தொடவில்லை. விறகுக் குச்சியால் தள்ளித் தள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் போட்டாள். தெருவில் யார் கண்ணிலாவது பட்டால் கருடசேவை என்ன ஆகும்? அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் நாய்க்குட்டி கூடத்தின் நடுவே உட்கார்ந்து தன் முதல் காரியத்தை முடித்தது.

சுலபமாம், சுலபம்! சொல்லிவிட்டு அவன் மறுநாள் ரயிலேறிவிட்டான். தூக்கிக்கொண்டு போவது யார்? அவள் விடியுமுன் குளித்து மடிசார் கட்டி, பெருமாளுக்குத் தளிகை பண்ணி அமுது செய்விக்கிற வரைக்கும் மடி. நாயின் மயிர் ஒன்று மேலே பட்டால் மறுபடியும் கிணறு, மறுபடியும் குளியல். அதுவோ அவள் கால் எங்கே என்று தேடிக்கொண்டு வரும். முதல் வாரத்தில் அவள் குளித்த குளியலுக்குக் கணக்கில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கிணற்று ராட்டினச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூமா, "போச்சு, மறுபடியும் பட்டுடுத்து" என்பாள்.

தொடவும் முடியாது, விரட்டினாலும் போகாது. அதனால் பெருந்தேவி ஒரு வழி கண்டுபிடித்தாள். குட்டி கூடத்தில் குந்தப் போவது தெரிந்தால், தளிகை அறை வாசற்படியில் நின்றபடியே "ச்சீ! ச்சீ! போ!" என்று கத்துவாள். கத்திக்கொண்டே ஒரு தயிர்சாத உருண்டையைக் கொல்லைப் பக்கம் பார்த்து வீசுவாள். குட்டி உருண்டையின் பின்னால் ஓடிவிடும். மடியும் கெடவில்லை, நாயும் வெளியே போயிற்று. சாமர்த்தியமான ஏற்பாடு என்று பூமாவிடம் பெருமையடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கூடம் மட்டும் காயவே இல்லை. ஆற்றங்கரை மாதிரி எப்போதும் ஈரம். கழுவக் கழுவக் குட்டி வேறு இடம் பார்த்தது: ஊஞ்சலடியில், நெல் குதிரின் பக்கத்தில், ஹயக்ரீவனின் செருப்பில். செருப்பில் போனதற்கு மட்டும் பெருந்தேவி அதைத் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் ஹயக்ரீவன் தன் பங்குக்குப் பழக்கிப் பார்த்தான். போன இடத்திலேயே மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். தேய்ப்பதற்கு மூக்கு வேண்டாமா? அழுத்தினான், அது தும்மியது, அவன் குளித்தான்.

வைகாசி நெருங்கிவிட்டது. ஒருநாள் பெருந்தேவி எங்கள் கொல்லைச் சுவரோரம் வந்து பூமாவைக் கூப்பிட்டாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பூமா, இப்பத்தான் பார்த்தேன். கூடத்து நடுவுல வந்து குந்தறது. ஒரு சொட்டு வரலை. குந்திண்டு என் கையையே பார்க்கறது."

"எதுக்குடி?"

"உருண்டைக்கு! குந்தினா சாதம் வரும்னு நெனச்சுண்டிருக்கு. நான் அதைப் பழக்கலைடி. அது என்னைப் பழக்கிடுத்து."

பூமா சிரித்துவிட்டாள். பெருந்தேவி சிரிக்கவில்லை. இன்னொன்றும் சொன்னாள். "டைகர் டைகர்னு இவர் தொண்டை கிழியக் கத்தறார், காதுல வாங்கறதில்லை. நான் ச்சீன்னா எங்கே இருந்தாலும் ஓடி வரது. அதுக்குத் தன் பேரே ச்சீன்னு நெனப்பு."

அன்றோடு உருண்டையை நிறுத்தினாள். நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள், பாவம். சோறு ஏன் வரவில்லை என்று அதற்குப் புரியவில்லை. இங்கே குந்தியது போதாதோ என்று அங்கே குந்தியது. அங்கேயும் வராததால் அவள் முன்னால் வந்து குந்திக் குரைத்தது. சாணி போட்டு மெழுகிய இடமெல்லாம் நாசம். "எனக்குன்னு வந்து வாய்ச்சுதே, ரெண்டும்!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வது எங்கள் கூடம்வரை கேட்டது. இரண்டில் ஒன்று நாய்.

கருடசேவைக்கு இரண்டு நாள் குட்டியை முசரவாக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கங்கையம்மாளைக் கேட்டாள்.

"நல்ல நாள் பாத்தம்மா! எங்க ஊரே அன்னிக்கு கருடசேவை பாக்க இங்கதான் வந்துக்கினு இருக்கும். ஊட்ல யாரு இருக்கறாங்க, உன் நாயைப் பாத்துக்க?"

வேறு வழியில்லை. அன்று காலையிலேயே நாயைக் கொல்லைக்கோடியில் மாட்டுக்கொட்டிலில் அடைத்துத் தட்டியைச் சாத்தினார்கள்.

வரதர் கருடன்மேல் எழுந்தருளி, வீதியெல்லாம் கூட்டம் மிதித்துத் துவைத்து, ஒருவழியாகத் திரும்பினார். பசியோடு நாங்கள் பெருந்தேவியின் கூடத்தில் இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தோம். கோதண்டபாணி ஸ்வாமி முதல் இலை, நான் கடைக்கோடி. கூடம் பளிங்கு மாதிரி இருந்தது. எந்த ஈரமும் இல்லை, எந்த வாசனையும் இல்லை. புளியோதரை, குழம்பு, சாத்தமுது. ஸ்வாமி சாத்தமுதை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சாதியுங்கோ" என்று அவரே கேட்டார்! அதைக் கேட்டபோது பெருந்தேவியின் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

பாயசத்துக்கு எங்கள் பேர் திருக்கண்ணமுது; அந்தப் பாத்திரத்தோடு அவள் வந்துகொண்டிருந்தாள். அப்போது முற்றத்தில் ஒரு காக்கை இறங்கி, அங்கே வைத்திருந்த வடைத் தட்டைப் பார்த்துத் தத்தித் தத்தி வந்தது. வேறு யாராக இருந்தாலும் "ச்சூ" என்றிருப்பார்கள். அவள் வாயில்தான் சித்திரை முதல் வேறு சொல்லே கிடையாதே.

"ச்சீ! ச்சீ! போ!"

கொல்லைக்கோடியில் தட்டி விழுகிற சத்தம் கேட்டது. பெருந்தேவியின் கை அப்படியே நின்றது. குறட்டை விடுகிற சத்தத்தோடு அது கொல்லைக் கதவு வழியாகப் பாய்ந்து வந்தது. இரண்டு வரிசை இலைகளுக்கும் நடுவே வந்து நின்றது. அவளை ஆசையோடு பார்த்தது. குந்தியது. காலையிலிருந்து அடைத்து வைத்திருந்ததால், இந்தத் தடவை வெறும் பாவனையாக இல்லை.

கோதண்டபாணி ஸ்வாமி கையில் தீர்த்தம் விட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் எல்லோரும் எழவேண்டும். திருக்கண்ணமுதை ருசி பார்க்காமல் நானும் எழுந்தேன். வாசலில் கை கூப்பி நின்ற ஹயக்ரீவனை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"துரை எதைக் கொடுத்தாலும் நீ வேண்டாம்னு சொல்றதில்லை போலிருக்கு."

அவ்வளவுதான். பிஸ்கோத்தும் நாயும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. இனி அந்த அகத்தில் யாரும் இலை போட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சாயங்காலம் ஆயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பெருந்தேவி தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்திருந்தாள். மடிசார் கலைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நாய் தூங்கிக்கொண்டிருந்தது. ஹயக்ரீவன் மெல்ல வந்தான்.

"நாளைக்கே இதை யாருக்காவது கொடுத்துடறேன்."

"வேண்டாம்."

அந்தச் சொல்லை அந்த அகத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாய் விழித்துக்கொண்டு உடம்பை நெளித்தது. இடம் பார்க்கக் கிளம்பியது. பெருந்தேவி எழுந்தாள். குனிந்து, அதை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போய் இறக்கிவிட்டாள். அது மண்ணை மோந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, அவள் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே காரியத்தை முடித்தது. பெருந்தேவி குனிந்து அதன் முதுகில் தட்டிக் கொடுத்தாள். தட்டிக்கொண்டே அழுதாள்.

"ஏன்னா, விறகுக்குப் பின்னாடி அந்த டின் கிடக்கு. எடுத்துண்டு வாங்கோ."

"எது?" அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "பிஸ்கோத்தா? யாராவது பார்த்தா?"

"பேரு போனது போயாச்சு. நாயாவது பழகட்டும்."

அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் தன் கையாலேயே ஒன்றை எடுத்து அதன் வாயில் வைத்தாள். அன்றைக்கு அதற்கப்புறம் கிணற்று ராட்டினச் சத்தம் கேட்கவில்லை.