பட்டாளத்து மாமாவின் மாசிக் காப்பு

மண்ணெண்ணெய் வாசம்தான் முதலில் வரும். அதற்குப் பின்னால்தான் பட்டாளத்து மாமா வருவார். நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் ஊறிப்போன அந்த வாசம் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அவர் பிய்த்துக் கொடுக்கும் ரொட்டித் துண்டில்கூட அது இருக்கும், நாங்களும் முகம் சுளிக்காமல் தின்போம். கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் நிற்கிற றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலேறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மூன்றாம் லயத்தின் கடைசிக் "காம்பரா"வில் அவர் தனியாக இருந்தார். பெயர் கருப்பையா. அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் எங்களுக்கு மாமா, மற்றபடி சொந்தம் ஏதுமில்லை.

பெரிய யுத்தத்தில் வெள்ளைக்கார ராசாவின் பட்டாளத்தில் சேர்ந்து, எகிப்துக்குக் கப்பலேறி, மணலில் புதைகிற லாரிகளை மூன்று வருடம் பழுது பார்த்துவிட்டு வந்தவர். குண்டுச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. தோட்டத்தில் எது நின்றுபோனாலும் அவரிடம்தான் போகும்: "பெட்டர்மாஸ்" லைட், கம்பி ஒடிந்த குடை, துரை பங்களா ரேடியோ, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துத் தொட்டில் கொக்கி. ரேடியோவைத் தொடப் பயந்து தள்ளி நிற்கும் பெண்களிடம், "மனுசன் செஞ்சதுதானே, மனுசனே கழட்டலாம், வாங்க" என்று சிரிப்பார்.

அதே கைகள் தப்பு மேளத்தை எடுத்தால் வேறு கைகளாகிவிடும். நல்ல காதைத் தோல் பக்கம் சாய்த்துக்கொண்டு அடிப்பார். மாசி மாதக் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற பாட்டை அவர் பாடினால், எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கும் கண்டாக்கையாவும் மூக்கைச் சிந்துவார்.

இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் சனத்தின் பிரஜாவுரிமை போயிற்று. பிறகு, இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று நிரூபித்தால் தருவோம் என்றார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களிடம், நீ இங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். எல்லோரும் மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மாமாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை காலையில் நுவரெலியாவுக்கு நேரில் வர வேண்டும் என்று கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னார். அப்போது காமன் கம்பம் ஊன்றி ஒன்பது நாளாகியிருந்தது, எரிக்கும் பௌர்ணமி அந்த வியாழனுக்குப் பிறகுதான், மாமாவின் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. காப்புக் கட்டியவர் காமனை எரிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. தோட்டத் தலைவர் என் அப்பா. காப்பைக் கட்டியவரும் அவரே.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு" கலைந்ததும் கோவில் வாசலில் கூடினார்கள்.

"காலக் கோச்சியில நானுஓயா போயி எறங்கி, நுவரெலியாவுல மொகத்தக் காட்டிட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிருவேன் மச்சான்" என்றார் மாமா.

"காப்போட எல்லை தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாதுங்க மச்சான். அவுத்துட்டுப் போனீங்கன்னா கம்பத்தையே சாச்ச மாதிரி" என்றார் அப்பா.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் அப்பா பக்கம்தான். சாமி பயம் பாதி. பௌர்ணமியன்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் போட்டிப் பாட்டுக்கு வருவதாக இருந்தார்கள், காப்பை அவிழ்த்தவர் அந்த வருடம் பாடக் கூடாது, மாமா பாடாமல் தோற்றுப்போவோமோ என்ற பயம் மீதி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமா காப்பை ஒருமுறை திருகிப் பார்த்தார்.

"சரி விடுங்க. ராசாவுக்காகக் காதையே குடுத்தவன், ஒரு நாளு வராததுக்கா பேர அடிச்சிருவாங்க?"

எனக்கு அன்று ஒரே சந்தோஷம். மாமா கூத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று நானும் மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். அந்த வருடத்துக் கூத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. போட்டியிலும் நாங்கள்தான் ஜெயித்தோம். ரதிக்காக அழுதோமே தவிர, மாமாவைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. விசாரணைக்கு வராததால் மனு தள்ளப்பட்டது என்று ஒரே வரி. பட்டாளத்துக் கடதாசிகளையெல்லாம் வைத்துக் கிளாக்கர் ஐயா எழுதிக்கொடுத்த முறையீட்டுக்கும் அதே வரிதான் திரும்பி வந்தது.

அப்பாவுக்கு விசாரணை வைகாசியில் வந்தது. மாமா கம்பி மாற்றிக் கொடுத்த குடையை எடுத்துக்கொண்டு, வெளுத்த சட்டையில் போனார். அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அந்தக் கடதாசியால்தான் பின்னாளில் எனக்கு டீச்சர் வேலையும் கிடைத்தது.

அடுத்த மாசியிலும் மாமா கையை நீட்டி அப்பாவிடமே காப்புக் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று எங்களைப் பங்கு போட்டு ஒப்பந்தம் எழுதிய மறு வருடம், பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத இந்தியாவுக்கு அவராகவே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார். அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. "நானா அவர கட்டிப் போட்டேன்? அவருதானே சம்மதிச்சாரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் அதற்குத் தலையாட்டியதில்லை. என் வேண்டுதலைப் பற்றி அப்பாவிடம் சொன்னதும் இல்லை.

போன மாசியில் கூத்துப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மன்மதன் வேஷக்காரப் பையன் கையில் காப்போடு ஹட்டனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான். எல்லை தாண்டலாமா தம்பி என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா டீச்சர்? வேலையின்னா போயிட்டு வர வேண்டியதுதானே."

அந்தக் கட்டுப்பாடு எந்த வருடம் போனதென்று அங்கே யாருக்கும் நினைவில்லை. காமன் நல்லபடியாக எரிந்தது. தோட்டத்தில் ஒரு கோழிக்குக்கூட நோய் வரவில்லை. அன்றைக்கு அந்தக் காலைக் கோச்சியில் ஏற விட்டிருந்தால் மாமா இங்கேயே இருந்து, இங்கேயே செத்து, எங்கள் கையால் மண் வாங்கியிருப்பார். அவர் எங்கே செத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது.