கன்னத்தில் ஒரு விரல்

என் தலைக்கு இடதுபக்கம்தான் பிடிக்கும். மெட்ரோவில் நேராக உட்கார்ந்தாலும் தானாகத் திரும்பிக்கொள்ளும். பக்கத்து ஆள் முறைப்பார். நானும் முறைப்பேன், வேறென்ன செய்ய? கழுத்துத் தசைகள் சொன்ன பேச்சுக் கேளாமல் இழுக்கிற டிஸ்டோனியா என்ற வியாதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்ட ஊசி முதலில் அமர்க்களமாக வேலை செய்தது. அப்புறம் அதற்கும் என்மேல் சலிப்பு வந்துவிட்டது.

ஆனால் கன்னத்தில் ஒரு விரலை வைத்தால் போதும், தலை சமர்த்தாக நேரே வந்துவிடும். எடுத்தால் பழைய கதைதான். பெங்களூர் வைட்ஃபீல்ட் ஆபீசில் ஒரு நாளைக்கு நாலு வீடியோ மீட்டிங். கேமரா விளக்கு எரிந்தால் விரல் தானாக ஏறிவிடும். "மேடம் எப்பவும் டீப் திங்கிங்" என்று டீமில் கிண்டல். கணவர் முன்னாலும் அதே விரல்தான். கேட்டால், "இப்ப பரவாயில்லங்க."

போன மாதம் டாக்டர், புது மருந்து ஒன்றின் ஆய்வில் என்னைச் சேர்க்கப் பார்க்கலாம் என்றார். பாதிப்பு நன்றாகத் தெரிந்தால்தான் இடம்; வீடியோவைப் பார்த்து இன்னொரு டாக்டர் மதிப்பெண் போடுவார். எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். கணவரோடு போனேன்.

அங்கே வீடியோ எடுத்த கன்னடப் பெண் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனு மேடம் இது? கழுத்து நேரா இருக்கு! கை மடியில வைக்கணும்னு சொன்னேன்ல? இத அனுப்பினா உங்கள எடுக்கவே மாட்டாங்க."

திரையில் நான், கன்னத்தில் விரலோடு, மீட்டிங்கில் இருப்பதுபோல! அடச்சீ என்றிருந்தது.

"எனக்கே தெரியாம போயிடுச்சும்மா. இன்னொரு தடவ எடு."

இந்த முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. விரல் துடித்தது, நான் விடவில்லை. தலை திரும்பியது, தோள் எழும்பியது, மோவாய் தோளில் போய் முட்டியது. வெட்கமாக இருந்தது.

அரைமணி நேரத்தில் தேறிவிட்டேன் என்றார்கள். கிடைக்கப்போவது மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வின் விதி அது. இருந்தாலும் துள்ளிக் குதிக்காத குறைதான். வியாதியில் நல்ல மார்க் வாங்கிவிட்டேனே!

நல்ல சேதியைச் சொல்லத் திரும்பினேன். படம் எடுக்கும்போது சுவரோரம் நின்ற கணவர், இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"இவ்ளோ இழுக்குதா? வலிக்குதாடி?"

"வலிக்குதுங்க" என்றேன், முதல் தடவையாக.