சூளைக்கு மெழுகுவர்த்தி கொண்டுவந்தவர்

தெல்தெனியப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளையில் வேலையாட்களுக்கு நான்தான் சமைக்கிறேன். என் கறியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சூளைப் புகையைக் குப்பியில் பிடித்துப்போகப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்த சார் மட்டும் என்ன சாப்பிடுகிறோம் என்றே பார்க்கமாட்டார். நெட்டையான, ஒல்லி மனிதர். சூளையைச் சுற்றி எங்கே போனாலும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, குனிந்து, தரையோடு பிடித்துக்கொண்டே நடப்பார்.

“சார் சூளைக்குப் பூசை வைக்கிறாரு டோய்!” என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் சூளையோரப் பள்ளத்தில் அந்த மெழுகுவர்த்தி பட்டென்று அணைந்தது. முன்பு ஓர் இரவு, கதகதப்பாக இருக்கிறதென்று என் மகன் படுத்த இடம் அது. படுத்தவன் எழும்பவேயில்லை. பேய் அடித்தது என்றார்கள், நானும் நம்பியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

“பேயில்லை அம்மா. சுண்ணாம்புக்கல்லு வேகேக்கை வாற காத்து. பாரமானது, பள்ளத்திலை தேங்கி நிக்கும். அதுக்குள்ளை நெருப்பும் எரியாது, மூச்சும் விடேலாது.”

“அதத்தான் குப்பியில கொண்டு போறீங்களா?”

“ஓம். தண்ணியோடை சேர்த்துக் குளிராக்கி, நல்லா அமத்தினா ஐஸ்கட்டி மாதிரி வரும். காத்து அதுக்குள்ளை சிறைப்பட்டிடும்.”

“அப்ப இந்தச் சூளைக் காத்த முழுசா அடைச்சிருங்க சார்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “இப்போதைக்கு ஒரு கைப்பிடிதான் ஏலும் அம்மா. இஞ்சை ஒருத்தரையும் படுக்க விடாதேங்கோ.”

மெழுகுவர்த்தியை என்னிடம் தந்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. அந்தக் கைப்பிடி பெருகியதா, தெரியாது. பாய் விரிக்க வருகிறவனை அகப்பையாலேயே துரத்துகிறேன். அந்தியில் பள்ளத்தில் மெழுகுவர்த்தி பிடிக்கிறேன். மகனுக்கு விளக்கு வைப்பதாக ஆட்கள் நினைக்கிறார்கள்.

இன்றைக்கும் அணைந்தது.