நாகலக்ஷ்மி சொன்ன 'போரும்'

நாகலக்ஷ்மியோடு கடைக்குப் போவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. கரமனையில் புளி விலை கேட்பாள். உடனே, "ஆரியசாலைல இதைவிடக் கொறச்சலா இருக்கும்டி" என்பாள். ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போவோம். அங்கே மொத்த வியாபாரக் கடையில் விலை குறைவுதான், ஆனால் ஐந்து கிலோவுக்குக் குறைவாகக் கொடுக்கமாட்டார்கள். ஐந்து கிலோ புளியை வைத்துக்கொண்டு இரண்டு கிழவிகள் என்ன செய்வது? அவள் யோசிக்கவே மாட்டாள், வாங்கிவிடுவாள். பாதியை என் தலையில் கட்டுவாள். ஆட்டோக் கூலியைச் சேர்த்தால் நஷ்டமல்லவா என்று நான் கேட்டால், "ஆட்டோல நீயும்தானே வந்தே, அது ஒன் கணக்கு" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

திருவனந்தபுரத்தில் ஒரே ஆபீஸில், கணக்குப் பிரிவில், எதிரெதிர் மேஜையில் நாங்கள் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றோம். முதலில் என் வீட்டுக்காரர் போனார், பிறகு அவளுடைய ஸ்ரீகண்டன் போனார். கரமனையில் ஒரே தெருவில், மூன்று வீடு தள்ளி இருக்கிறோம். எதையும் எதோடாவது ஒப்பிடாமல் அவளால் இருக்க முடியாது. அப்படிப்பட்டவளுடைய வயோதிகத்தையே அவள் பிள்ளை ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரே பிள்ளை வினய். மெல்போர்னில் கம்ப்யூட்டர் வேலை. அவன் பெண்டாட்டி ஆர்ஷா பாறசாலைக்காரி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கல்யாணப் பேச்சு வந்தபோது நாகலக்ஷ்மி ஆறு மாதம் பிள்ளையோடு பேசவில்லை. அப்புறம் எல்லாரையும் போல வழிக்கு வந்தாள். ஆனால் மாமியாரும் மருமகளும் ஒருவரோடொருவர் தமிழ் பேசமாட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் வீட்டு பாஷை தமிழ். இவளுடையது அக்ரஹாரத் தமிழ், அவளுடையது எல்லைப்புறத் தமிழ். கல்யாணம் ஆன புதிதில் ஆர்ஷா "எனக்க அம்மை" என்று எதையோ சொல்லப்போக, எங்கள் தெருவில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அன்றோடு அந்தப் பெண் எங்கள் முன்னால் தமிழை மூடி வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தை எடுத்துக்கொண்டாள். நாகலக்ஷ்மியும் அதிலேயே பதில் சொல்லப் பழகிவிட்டாள். இரண்டு தமிழச்சிகள் வருஷக்கணக்காக மலையாளத்தில் குசலம் விசாரித்துக்கொள்ளும் கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும்.

போன ஆடியில், கர்க்கடக மழையில், நாகலக்ஷ்மி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன். வினய் ஓடி வந்தான். இரண்டு வாரம் இருந்தான், வித்துராவிலிருந்து ஓமனா என்ற ஹோம் நர்ஸை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினான். ஓமனாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கை பலம், நல்ல குரல். தமிழ் சுத்தமாகத் தெரியாது. முதல் நாள் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நாகலக்ஷ்மி "போரும்" என்றாள். எங்கள் வீடுகளில் போதும் என்பதைப் போரும் என்றுதான் சொல்வோம். மலையாளத்தில் அதற்கு, வரும், வருவேன் என்று அர்த்தம். ஓமனா கரண்டியும் கையுமாக வாசலை எட்டிப் பார்த்து, "ஆரா அம்மே போருந்நது?" என்றாள். யார் வருகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனேன். இரண்டே நாளில் ஓமனா கற்றுக்கொண்டாள். பிறகு 'போ' என்று வாய் குவிந்தாலே கரண்டி நின்றுவிடும்.

வினய் சும்மா இருக்கவில்லை. அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுக் கணக்கு அனுப்பினான். ஒரு கட்டத்தில் மெல்போர்ன். விசா, இன்ஷூரன்ஸ், மருந்து, முடியாமல் போனால் முதியோர் இல்லம். இன்னொரு கட்டத்தில் கரமனை. ஓமனா சம்பளம், பிசியோதெரபி, வீட்டு ரிப்பேர். மூன்றாவதில் கழக்கூட்டம் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் முதியோர் ஃபிளாட். நாகலக்ஷ்மி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நாள் பூரா அதைப் படித்தாள். முதியோர் இல்லத்தில் அங்கே மூன்று நாள் ஆகிற செலவில் இங்கே ஒரு மாதம் ஓடிவிடும் என்று கண்டுபிடித்தாள். பிள்ளை எங்கோ கூட்டலில் தப்புப் பண்ணியிருக்கிறான் என்றும் கண்டுபிடித்தாள். அதில்தான் அவளுக்கு அதிக சந்தோஷம்.

கழக்கூட்டம் ஃபிளாட்டை நேரில் போய்ப் பார்த்தோம். நெடுஞ்சாலை நெரிசலில் போய்ச் சேரவே பாதி உயிர் போயிற்று. சுத்தமான இடம், லிஃப்ட், கைப்பிடி, மணி அடித்தால் நர்ஸ். சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் ஒருத்தரோடு பேசவில்லை. சுற்றிக் காட்டிய பெண்ணிடம் நாகலக்ஷ்மி, "புளி எங்கேம்மா வாங்கறேள்?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பும்போது வண்டியில், "இது சரிப்படாது" என்றாள். எனக்கும் நிம்மதி. அவள் கரமனையிலேயே இருந்துவிடுவாள் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வாரம்தான் ஆர்ஷா வீடியோவில் கூப்பிட்டாள். வினய் ஊரில் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தேன். ஆர்ஷா மலையாளத்தில் ஆரம்பித்தாள். விசாவுக்கு இவ்வளவு, இன்ஷூரன்ஸில் இந்தக் கம்பெனி மேல், அந்தக் கம்பெனி கீழ், தான் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள், வீட்டிலேயே வைத்துக்கொண்டால் எவ்வளவு மிச்சம். நிறுத்தவே இல்லை. டாலரை ரூபாயாக்கி ரூபாயை டாலராக்கி நாகலக்ஷ்மிக்கே தலை சுற்றிவிட்டது. கடைசியில் அந்தப் பெண் கைகூப்பாத குறையாக, "அம்மே, இங்ஙோட்டு போரூ" என்றாள். இங்கே வந்துவிடுங்கள் என்று அர்த்தம்.

நாகலக்ஷ்மி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "போரும் ஆர்ஷா, போரும்!" என்றாள்.

ஆர்ஷாவின் முகம் அப்படியே மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள், அதற்குள் லைன் போய்விட்டது. "அப்பாடா" என்றாள் நாகலக்ஷ்மி. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பயறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி அழைப்பு. வினயும் ஆர்ஷாவும் சேர்ந்து நின்றார்கள். வினய், "அம்மா, நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்பேன்னு நான் நெனைக்கவேயில்லை" என்றான். நாங்கள் முழித்தோம். ஆர்ஷா போனைத் தூக்கிக்கொண்டு ஒரு அறைக்குள் போனாள். ஏறி இறங்குகிற கட்டில் போட்டிருந்தாள். குளியலறையில் அவளே துளை போட்டுக் கைப்பிடி பொருத்தியிருந்தாள். மூலையில் விளக்கு வைக்க ஒரு பலகை. பகலில் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று தன் ஷிஃப்டை மாற்றிக் கேட்டிருக்கிறாளாம். பிறகு சமையலறை அலமாரியைத் திறந்து ஒரு பெரிய பொட்டலத்தைக் காட்டினாள். புளி. "அஞ்சு கிலோ, அம்மே. ஹோல்ஸேல்" என்று சிரித்தாள்.

போன் அணைந்த பிறகு நாகலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து சொல்லேண்டி, போதும்னுதான் சொன்னேன்னு! சும்மா இருந்தா ஒன்னை ஏரோப்ளேன்ல ஏத்திண்டு போய்டுவா."

"கட்டில் வாங்கிட்டாளேடி."

"கட்டிலைத் திருப்பிக் கொடுக்கட்டும்."

"கைப்பிடிக்குத் துளை போட்டிருக்காளே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பா?"

மறுநாள் அவளே ஆர்ஷாவைக் கூப்பிட்டாள். பொய்க் கணக்கை ஒரு நாளும் மூடி வைக்கிற ஜாதியில்லை அவள். தட்டுத்தடுமாறி மலையாளத்தில் ஆரம்பித்து, பாதியில் அது கைவிட்டுப் போக, தமிழிலேயே சொல்லிவிட்டாள். "நான் சொன்னது எங்காத்துப் போரும் ஆர்ஷா. போதும்னு அர்த்தம். வரேன்னு சொல்லலை. என் தப்புதான், மன்னிச்சுக்கோம்மா."

ஆர்ஷா போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் பேசினது தமிழ். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளுடைய சொந்தத் தமிழ்.

"போதும்கிறதுக்கு மதின்னு சொல்லியிருந்தா எனக்கு மனசிலாயிருக்கும், அம்மா. எங்க வீட்டில அப்படித்தான்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பரவாயில்ல. நீங்க ஓமனாச்சேச்சி கூடத் தானே நல்லா இருக்கீங்க. அங்கயே இருங்க. நான் ஒண்ணு மட்டும் சொல்லட்டா?"

"சொல்லு."

"எனக்க அம்மை பாறசாலையில சாகும்போ கூலிக்கு வந்த ஒரு பொண்ணுதான் பக்கத்தில இருந்தா. நான் இங்க ஹோம்ல வேற ஒரு அம்மைக்க தலமுடிய சீவிக்கிட்டு நின்னேன். போன் லாக்கர்ல இருந்துச்சு. உங்கள வரச் சொன்னது உங்களுக்கு வேண்டி மட்டும் இல்ல அம்மா. எனக்கு வேண்டியும் தான்."

அவள் அம்மா பிரிஸில்லா போன வருஷம் காலமான செய்தி எங்களுக்குத் தெரியும். நாகலக்ஷ்மி அன்று போனில் மலையாளத்தில் இரண்டு வார்த்தை துக்கம் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவோடு முடிந்துவிட்டது என்றுதான் இருந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நாகலக்ஷ்மி எதோடும் எதையும் ஒப்பிடவில்லை. காய்க்காரனிடம் அவன் சொன்ன விலைக்கே வெண்டைக்காய் வாங்கினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குளிர், தனிமை, பேச்சுத் துணைக்கு ஆளில்லை, செத்தால் தூக்கிப்போட நாலு பேர் கிடையாது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வினய் போட்ட கணக்குல மூணு கட்டத்துலயும் நான் செலவுடி" என்றாள். "மெல்போர்னுக்கும் செலவு, கழக்கூட்டத்துக்கும் செலவு, இந்த ஆத்துக்கும் செலவு. நானும் அப்படித்தான் கூட்டிண்டிருந்தேன். எங்கே இருந்தா கொறச்சலா ஆவேன்னு. இந்தப் பொண்ணுக்கு நான் வேண்டியிருக்கேன், கேட்டயா? எனக்கு எழுபத்திரண்டு வயசு. இனிமே யாருக்கு நான் வேண்டியிருக்கப் போறேன்?"

"ஏன், எனக்கு வேண்டாமா?" என்று கத்தினேன்.

"நீ எப்போடி சொன்னே?" என்றாள் அவள். கோபமில்லை, உண்மையாகவே கேட்டாள்.

 நான் ஆட்டோக் கூலிக்குச் சண்டை போட்டதுதான் உண்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனபோது ஓமனா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். போனைப் புளி டப்பாவில் சாய்த்து வைத்து ஆர்ஷாவைக் கூப்பிடச் சொன்னாள். அங்கே மதியம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு ஆர்ஷா வந்தாள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறினாள்.

"ஒண்ணும் இல்லை. அந்தக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துட்டயா?"

"இல்ல அம்மா. கடைக்காரன் எடுக்க மாட்டேன்னுட்டான்."

நாகலக்ஷ்மி என்னை ஒரு தடவை பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போனைப் பார்த்து, "போரும் ஆர்ஷா" என்றாள்.

 ஆர்ஷா இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. மெதுவாக, தமிழில்தான் கேட்டாள். "அம்மா, இது தமிழா, மலையாளமா?"

"ரெண்டும்தான்டி கொழந்தே."

  ஓமனா பின்னலின் நுனியில் முடிச்சைப் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்த பெட்டியை இறக்கி, தன் முந்தானையால் தூசி தட்ட ஆரம்பித்தாள்.