எல்லாவற்றுக்கும் பிரியாணி

திருமழிசை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலேயே பெரிய கில்லாடி துலுக்கானம்தான். இது அவரே சொல்லிக்கொண்டது. சவாரி இல்லாத மத்தியானங்களில் அவருக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்தாள் பவ்யா. கோயம்புத்தூரிலிருந்து வந்து பக்கத்து ஃப்ளாட்டில் குடியிருக்கும் ஐ.டி. பெண், அவர் ஆட்டோவில் தினமும் போகிறவள். அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடித் தரும் ஆப் ஒன்றை அவள் கம்பெனி செய்துகொண்டிருந்தது.

"போன்ல கடைக்காரங்க ஏத்தின ஒரு படம் வருங்ண்ணா. அதே படம் வேற யாருக்கோ போகும். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய எழுதினா பாயிண்ட். அப்புறம் அந்த வார்த்தையத் தேடறவங்களுக்கு அந்தப் படம் வரும்."

நல்ல ஏற்பாடுதான், நல்லவர்கள் விளையாடினால். மத்தியானத்தில் ஆடுவது அவரைப் பார்த்து ஆடத் தொடங்கிய ஸ்டாண்டு ஆட்கள் மட்டுமே என்று துலுக்கானம் மோப்பம் பிடித்துவிட்டார்.

"மாமே, எந்தப் படம் வந்தாலும் பிரியாணின்னு போடு. நானும் அத்தையே போடறேன்" என்றார் பக்கத்து ஆட்டோ பாண்டியனிடம். செருப்புக்கும் பிரியாணி, மூக்குக்கண்ணாடிக்கும் பிரியாணி. பாயிண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அவர் மனைவி சொர்ணம் அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனி தையல் வேலையை விட்டு, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். தைத்த ஜாக்கெட்டுகளைப் படம் பிடித்து அதே ஆப்பில் ஏற்றியிருந்தாள். இந்தக் கல்யாண சீசனில் ஆர்டர் பிடித்தால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி கம்பெனி வேன்தான். போன் வந்தது.

"அரை கிலோ மட்டன் பிரியாணி ஊட்டுக்கு அனுப்புவீங்களா?"

அடுத்த போனும் பிரியாணிதான். ஜாக்கெட் கேட்டு ஒருவரும் வரவில்லை. சொர்ணம் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு அழுதாள். அவள் ஜாக்கெட் படங்களுக்கும் பிரியாணி என்று போட்டது தானும் பாண்டியனும்தான் என்று துலுக்கானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம் என்று சொல்லவும் வழியில்லை, எல்லாம் அவர் செய்த வேலை.

பவ்யாவிடம் உண்மையைக் கக்கினார். திட்டுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பிரியாணிகளையெல்லாம் துடைத்தாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஜோடி சேர முடியாதபடி விளையாட்டையும் மாற்றினாள்.

"துடைச்ச படமெல்லாம் திரும்ப வரும். இந்தத் தடவை ஒழுங்கா ஆடுங்க."

வீட்டில் உட்கார்ந்து திறந்தார். வந்ததே சொர்ணத்தின் பச்சை ஜாக்கெட். 'ஜாக்கெட்' என்று எழுதினார். அது எல்லாரும் எழுதுவது, வேறு சொல் என்றது போன். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தைக்கிறாள் என்பது தெரியும், தைத்ததைப் பார்த்ததில்லை.

"சொர்ணம், முதுகாண்ட இப்டி வளைஞ்சிகினு கீதே, இதுக்கு இன்னா பேரு?"

அவள் முறைத்தாள். அப்புறம் விரலால் படத்தில் தடவிக் காட்டினாள். "பாட் நெக்கு, பானை கணக்கா வளைஞ்ச கழுத்து. ஓரத்துல கீறது பைப்பிங்கு. நானே கையால உருட்டித் தைச்சது."

பாட் நெக் என்று எழுதினார். மறுபக்கம் இருந்த யாரோ ஒருவரும் அதையே எழுதியிருந்தார். சொர்ணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பூந்தமல்லியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் பாட் நெக் கேட்டுப் போன் செய்தாள். அளவு கொடுக்க நாளைக்கே வருகிறாளாம். சொர்ணம் மெஷின் உறையை எடுத்து உதறினாள்.

"அன்னிக்கு ஆட்டத்துல மூஞ்சி தெரியாத எவளோ ஒருத்தி பாத்ததும் பேரச் சொல்லிட்டா. கூடவே கீற நீ இப்பத்தான்யா பாக்குற" என்றாள்.

துலுக்கானம் ஸ்டூலை இழுத்து மெஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.