ஜெசிந்தாவின் சிஞ்ஞோராவும் நானும்

அறைக் கதவைத் திறந்ததும் முகப்பவுடர் வாசம் வரும்... ஜெசிந்தா எனக்கு முன்பே வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

என் கையில் பிளீச் மணக்கும். ஒரேத்தோத் தெருவில் மூன்று கட்டிடங்களுக்குப் படி கழுவிக்கொண்டிருந்தேன். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. சோறு குழைக்கும்போதும் மணக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோவில், அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து, நாலாம் மாடி, ஒரே அறை, இரண்டு கட்டில். நானும் ஜெசிந்தாவும். இரண்டு பேரும் மன்னார், ஒரே பள்ளிக்கூடம், வந்ததும் ஒரே விமானத்தில்.

வந்து இறங்கியபின் எனக்குக் கிடைத்தது படிகள். அவளுக்குக் கிடைத்தது ஒரு நடிகை!

உண்மையான நடிகைதான். அமெரிக்காக்காரி. எழுபது வயதிருக்கும். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு பழைய மாடிவீட்டில் தனியாக இருந்தார், வீட்டுவேலைக்கு ஜெசிந்தா. சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவாள், இத்தாலியில் அம்மணி மாதிரி. வெங்காயம் வெட்டிக்கொண்டே ஜெசிந்தா அவருடைய கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவாள். தகப்பனுக்குச் சின்ன ஊரில் பெற்றோல் ஷெட். பத்தொன்பது வயதில் வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறியது. மூன்று வருடம் வசனமே இல்லாத வேடங்கள். பிறகு ஒரு படத்தில் ஸ்டேஷனில் மழையில் நின்று அழுதார், ஊரே கூட அழுததாம். மொத்தம் ஏழு படம். எட்டாவதுக்காகப் பலெர்மோ வந்தவர், இங்கே ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் கேட்காதவள் மாதிரி அரிசி களைவேன்... ஒரு சொல்லும் தவறவிட மாட்டேன்.

சிஞ்ஞோரா கொடுத்த பட்டு ஸ்கார்ஃபைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெசிந்தா ஞாயிறு பூசைக்கு வருவாள். எங்கள் பெண்கள் சுற்றி நின்று தொட்டுப் பார்ப்பார்கள். நற்கருணை வாங்கிவந்து முழந்தாளில் நின்றபடியும் அந்த ஸ்கார்ஃபைத்தான் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அப்போதுதான் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. ஜெசிந்தாவின் அம்மாவைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே வரவேண்டும்.

அந்த நாளில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவர் தன் வேலை வீட்டில் நம்பிக்கையான ஒருவரை விட்டுப்போவார். திரும்பி வந்ததும் வீட்டை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் கொடுக்காதவர்களோடு கோவிலில்கூட யாரும் கதைக்க மாட்டார்கள். ஜெசிந்தாவின் பெர்மேசோ, அந்த விசாக் கடதாசி, சிஞ்ஞோராவின் கையெழுத்தில்தான் நின்றது. வீடு போனால் எல்லாமே போகும்.

“றெஜி, நீதான் என்ரை வீட்டைப் பாக்கோணும். வேறை ஆரையும் நம்பி விடேலாது” என்றாள்.

ஓம் என்றேன். இனி இந்த வீட்டை விடுவதில்லை என்று அந்த நிமிடமே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

போகும்போது ஒன்று சொன்னாள். ரீவியில் சிஞ்ஞோராவின் படம் போனால் சத்தத்தை மட்டும் கூட்டாதே. எனக்கு அதுவும் எரிச்சல். எல்லாவற்றையும் தனக்கென்று பொத்தி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆறு கிழமை... பேய் மாதிரி வேலை செய்தேன். கைதுடைக்கும் துணிக்கும் அயர்ன் போட்டேன். சுவரிலிருந்த படங்களைக் கழற்றித் துடைத்தேன். வீடு இப்படி மினுங்கித் தான் பார்த்ததில்லை என்று சிஞ்ஞோரா சொன்ன நாளில், நடந்து வீட்டுக்குப் போனேனா பறந்து போனேனா தெரியாது.

ஐந்தாம் கிழமை ஒரு மத்தியானம் ரீவியில் அவருடைய படம் போனது. அவர் சோபாவில் கண் மூடியிருந்தார். திரையில் அதே மழை, அதே ஸ்டேஷன். என்ன அழகு! வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மனம் கேட்கவில்லை. கூட்டிவிட்டேன்.

தேன் மாதிரிக் குரல். திரும்பிப் பார்த்து, சிஞ்ஞோரா, உங்கள் குரல் எவ்வளவு இனிமை என்றேன்.

அவர் எழும்பி உட்கார்ந்தார். “அது நான் இல்லை” என்றார்.

இத்தாலியில் வெளிநாட்டுப் படம் எல்லாவற்றுக்கும் இத்தாலியர்தான் குரல் கொடுப்பார்களாம். இவருக்கு எப்போதும் ஒரே பெண். இவர் இங்கே குடிவந்து கடையில் வாய் திறந்தபோது, மீன்காரன் சிரித்துவிட்டு, உன் குரல் படத்தில்தான் நல்லாயிருக்கிறது என்றானாம். இத்தாலியப் படத்தில் நடிக்கக் கேட்டபோதும், நீ நடி, அவள் பேசட்டும் என்றார்களாம். மாட்டேன் என்றிருக்கிறார். அதோடு நடிப்பு முடிந்தது. அந்தப் பெண்ணை ஒருநாளும் சந்தித்ததில்லை, ஆனால் இன்றைக்கும் அவள் மேல் பொறாமை என்று என்னிடம் சொன்னார்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, இவ்வளவு மனம் திறந்து கதைக்கிறாரே, இதுதான் நேரம் என்று... கேட்டுவிட்டேன். ஜெசிந்தா வந்தாலும் நானே இங்கே நிற்கட்டுமா? அவளைவிட நல்லாகச் செய்கிறேன்தானே?

“செய்கிறாய். எனக்குக் குரல் கொடுத்தவளும் என்னைவிட நல்லாத்தான் பேசினாள். ஜெசிந்தா வரட்டும்” என்றார்.

அவ்வளவுதான். எழுந்துபோய் ரீவியை நிறுத்தினார்.

ஜெசிந்தா அம்மாவை அடக்கம் செய்துவிட்டுக் கறுப்பு உடுப்போடு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ நிக்கிறாய் எண்டபடியாத்தான் கடைசிமட்டும் அம்மாவுக்குப் பக்கத்திலை இருந்தனான்” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் கேட்டதைச் சிஞ்ஞோரா அவளிடம் சொன்னாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் இருந்த அறையை இப்போது ஆன்லைனில் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். நான் லண்டனில் சொந்த வீட்டில் இருக்கிறேன். இங்கே ஆள் விட்டுப்போவதும் இல்லை, திருப்பிக் கொடுப்பதும் இல்லை, எல்லாவற்றுக்கும் கொன்ராக்ட்.

போன மாதம் ஜெசிந்தாவின் மகளுக்குப் பலெர்மோவில் கலியாணம். ஜெசிந்தா மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டாள். இவள் இல்லாவிட்டால் நான் அம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன் என்று முழு மண்டபத்துக்கும் சொன்னாள். கை தட்டினார்கள். அப்படி ஒரு சந்தேகமும் இல்லாமல் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல முடிகிறதே என்று அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

ஜெசி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன் வீட்டை நான் திருப்பித் தரவில்லையடி. கேட்டேன்... அவர் எனக்குத் தரவில்லை.